தலைநகர் காணச் செல்வோருக்கு ஒரு பாடம்

(உறுப்பினர் கல்விப் பகுதி)

வரும் மாசி மாதத்தில் நம் உறுப்பினர் சிலர் ஒன்றுகூடி டில்லி மாநகருக்குச் சென்று வர வேண்டுமென்று, சென்ற பொதுக் கூட்டத்தில் விருப்பம் தெரிவிக்கப்பட்டது. ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லி வட்டாரத்து நெசவாளரும் பயிர்த்தொழில் செய்வோரும் சேர்ந்து மேற்கொள்ளும் பிரயாணம் இது. எனவே, படிப்பு வட்டங்களில் வாசித்து விவாதிப்பதற்கு உதவியாக இப்பாடத்தை எழுதுகிறோம். இதில் டில்லியின் பெருமையைப் பேசுவதைவிட, அங்கே போவதற்கு முன் இங்கே செய்ய வேண்டியவற்றைப் பற்றியே அதிகம் பேசுவோம். அதற்குக் காரணம் உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

1. எதற்காகப் போக வேண்டும்?

"தறியை நிறுத்திவிட்டு எட்டு நாள் ஊர் சுற்றுவதா?" என்று கேட்போர் நம்மிடையே இருக்கின்றனர். அக்கேள்வி நியாயமானதே. அதற்கு விடை சொல்லாமல் மூட்டை கட்டுதல் முறையன்று.

நம் வட்டாரத்துக்கு அண்மையில், திருவள்ளூர் வட்டத்தில், திரூர் என்னும் சிற்றூர் இருக்கிறது. இந்தியாவின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904ஆம் ஆண்டு அங்கேதான் தோன்றியது என்று தமிழகக் கூட்டுறவாளர் பெருமையோடு சொல்லி வருகின்றனர். அச்சங்கம் தோன்றுவதற்கு இடமளித்தது அதே ஆண்டில் இயற்றப்பட்ட கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம். அப்போது இந்தியாவின் தலைநகர் கல்கத்தா. தலைநகர் டில்லிக்கு மாற்றப்படும் என்ற அறிவிப்பு 1911 டிசம்பர் 12ஆம் நாள் வந்தது. புது டில்லி நகரம் 1931 பிப்ரவரியில் திறந்து வைக்கப்பட்டது. தலைநகர் எங்கிருந்தாலும், அங்கே எழுதப்படும் ஒரு சட்டம் நம் ஊர்த் திண்ணை வரை வந்து சேருகிறது என்பதற்குத் திரூரைவிட வேறு சான்று வேண்டா.

தலைநகரமே நம்மைத் தேடி வந்த காலமும் உண்டு. 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மகாசபையின் அறுபதாவது மாநாடு உ. ந. தேபர் தலைமையில் கூடிற்று. பிரதமர் நேருவும் முதலமைச்சர் காமராஜரும் இருந்த அம்மாநாட்டில்தான், சோஷலிஸ மாதிரியான சமுதாயம் அமைப்பதே நாட்டின் குறிக்கோள் என்ற தீர்மானம் நிறைவேறியது. அடுத்த ஆண்டு தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் அத்தீர்மானத்தின் சாயலைக் காணலாம். ஆவடியின் பெயர் தேச சரித்திரத்தில் ஏறியது அந்நாளில்தான். பிற்காலத்தில், தேசியக் கைத்தறி தினம் முதன்முதலாகத் தொடங்கி வைக்கப்பட்டதும் 2015 ஆகஸ்டு 7ஆம் நாள் நம் சென்னையிலேயே.

நெசவாளருக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் ஒன்று காட்டுவோம். கைத்தறிக்கென்று சில துணி வகைகளை ஒதுக்கி, அவற்றை விசைத்தறியில் நெய்யலாகாது என்று தடுக்கும் சட்டம் 1985ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. முதலில் ஒதுக்கப்பட்டவை 22 வகைகள். பின்னர் அவை 11 ஆகச் சுருங்கின. சேலை, வேட்டி, துண்டு, லுங்கி, ஜமக்காளம் முதலியவை அப்பட்டியலில் உள்ளவை. அவற்றிலும், சட்டம் வகுத்துள்ள நூல், கரை, நெசவு ஆகிய அடையாளங்களுக்கு உட்பட்டவைக்கே பாதுகாப்பு. பட்டியலில் ஒரு வரியை நீக்கினால், இங்கே பல வீடுகளில் தறி நிற்கும். அவ்வரி எழுதப்படும் இடத்தை நெசவாளி ஒரு தடவையேனும் கண்ணால் காண வேண்டாமா?

சங்கம் என்ற அளவிலும் நமக்கு உரிமை உண்டு. அரசியலமைப்பின் 97ஆவது திருத்தம் 2011இல் நிறைவேறியபோது, குடிமக்கள் சங்கம் அமைக்கும் அடிப்படை உரிமையில் 'கூட்டுறவுச் சங்கம்' என்னும் சொல்லும் சேர்க்கப்பட்டது. 2021 ஜூலையில் கூட்டுறவுக்கெனத் தனி அமைச்சகம் ஒன்று மத்திய அரசில் ஏற்பட்டது. ஆகவே நாம் டில்லிக்குப் போவது, நம் கணக்கு வைக்கப்பட்டிருக்கும் அலுவலகத்தைப் பார்த்து வருவதற்கு ஒப்பாகும். வேடிக்கை பார்ப்பது அதில் தானாக வந்து சேரும் உபரி லாபம்.

2. சென்ற முறை நாம் செய்த பிழை

சில ஆண்டுகளுக்கு முன் நம் சங்கத்தார் பதினொருவர் டில்லி சென்று வந்ததைப் பழைய உறுப்பினர் அறிவர். அப்பிரயாணத்தின் ஏற்பாடு முழுவதும் எங்கள் கையில் இருந்தது. அதில் நேர்ந்த பிழையும் எங்களுடையதே. அதனை மறைக்காமல் எழுதுவதே இப்பாடத்தின் நோக்கத்துக்கு உகந்தது.

வாரக் கூலி சனிக்கிழமையில் பட்டுவாடா ஆகும். ஆகையால் கூலியை வாங்கிக்கொண்டு அன்றிரவே ரயில் ஏறலாம் என்று முடிவு செய்தோம். சனி இரவு சென்னையில் ஏறினால் திங்கள் காலை டில்லி. திங்கட்கிழமை நகரம் முழுவதையும் பார்ப்பது, செவ்வாய் ஆக்ரா, புதன்கிழமை கடைவீதிக்குப் போய்விட்டு இரவு ரயில் என்பது எங்கள் திட்டம். ஆக்ரா செல்லும் பேருந்துக்கு முன்பணமும் கட்டியாகிவிட்டது.

எங்களோடு வந்தவர்களில் மூத்த நெசவாளர் ஒருவர், அரை முழ அளவில் தம் கையால் நெய்த மாதிரித் துணி ஒன்றை மஞ்சட் பையில் வைத்துக் கொண்டுவந்தார். அவருடைய பாட்டனார் நெய்த கரை அது. எழுதி வைத்த கணக்கு எதுவுமின்றி, நினைவிலிருந்தே இழை எண்ணி நெய்தது. டில்லிக் காட்சிசாலையில் பழைய துணிகளை வைத்திருக்கின்றனர் என்று கேள்விப்பட்டு, அக்கரையோடு ஒத்த கரை அங்கே உண்டா, இழைக் கணக்குச் சரிதானா என்று பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. ஆக்ராவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டவரல்லர்.

திங்கள் முற்பகல் நாங்கள் போய் நின்ற வாயில் பூட்டிக் கிடந்தது. வாரந்தோறும் திங்கட்கிழமை விடுமுறை என்று பலகை சொல்லிற்று. அடுத்து போன இடத்திலும் அதே பலகை. பெரியவர் கோபிக்கவில்லை. "கிழமை என்னவென்று ஒரு கார்டு போட்டுக் கேட்டுவிட்டுப் புறப்பட்டிருக்கலாமே, தம்பி" என்றார், அவ்வளவுதான். புதன்கிழமையன்று வேறு இருவரோடு அவரை மறுபடி அனுப்பியிருக்கலாம். கூட்டம் கலையக் கூடாது என்று எண்ணி அதையும் செய்யாது விட்டோம். மறு ஆண்டு அவருக்கு முழங்கால் வலி கண்டது. நெடும் பிரயாணம் அவரால் இயலாமற் போயிற்று.

ஆதலின் பின்வரும் செய்திகளை நாங்கள் பட்டறிந்தே எழுதுகிறோம் என்பதை வாசகர்கள் மனத்திற் கொள்வார்களாக.

3. காலமும் கிழமையும்

நம் இரு தொழிலுக்கும் ஏற்ற மாதம் மாசியே. தீபாவளி, பொங்கல் வேலை முடிந்து நெசவில் சற்று ஓய்வு கிடைக்கும் காலம் அது. சம்பா அறுவடை முடிந்து, நவரை நட்டவர்களுக்கும் நடவு வேலை தீர்ந்திருக்கும். மல்லிகைப் பூவின் பெருவரத்து தொடங்குவதற்குள் பூந்தோட்டக்காரர் திரும்பிவிடலாம்.

டில்லியிலும் அது நல்ல பருவம். கார்த்திகை முதல் தை வரை அங்கே கடுங்குளிரும், புகை கலந்த மூடுபனியும் இருக்கும். ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். சித்திரை வந்தால் அனல் வீசும். மாசியில் காலை மாலைக் குளிருக்கு ஒரு கம்பளிச் சால்வை போதும். குடியரசுத் தலைவர் மாளிகையின் பூந்தோட்டம் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களிலேதான் பொதுமக்களுக்குப் பெரும்பாலும் திறக்கப்படுகிறது. பூசா வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தின் உழவர் விழாவும் பொதுவாக அப்பருவத்திலேயே நடைபெறும். இவ்விரண்டின் தேதியும் ஆண்டுதோறும் மாறுவதால், தை மாதத்திலேயே விசாரித்துக்கொள்ளுதல் வேண்டும்.

கிழமைக் கணக்கை மனப்பாடம் செய்துவிடுவது நல்லது. செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், கைவினை அருங்காட்சியகம், காந்தி அருங்காட்சியகம், பிரதமர்கள் அருங்காட்சியகம் ஆகிய எல்லாவற்றுக்கும் திங்கள் விடுமுறை. ஆக்ரா தாஜ்மகாலுக்கு வெள்ளி விடுமுறை. குதுப் மினார், உமாயூன் சமாதி, இந்தியா வாயில் ஆகியவை திங்களன்றும் காணக் கூடியவை. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் சென்னை சென்ட்ரலில் இரவு புறப்பட்டு, சுமார் 2,180 கிலோமீட்டர் ஓடி, மூன்றாம் நாள் காலையில் புது டில்லி சேர்கிறது. ஞாயிறு இரவு ஏறினால் செவ்வாய் காலை இறங்கலாம். சனி இரவு டில்லியில் ஏறினால் திங்கள் காலை சென்னை. இடையே ஐந்து முழு நாட்கள் கிடைக்கின்றன. ஒரு திங்களும் குறுக்கிடுவதில்லை.

4. பணமும் ஆளும்

செலவுக் கணக்கில் ரயில் கட்டணம், தங்குமிடம், உணவு, உள்ளூர்ப் போக்குவரத்து, நுழைவுக் கட்டணம் என்ற ஐந்தை எல்லோரும் எழுதுவர். ஆறாவதாக ஒன்றை நாம் எழுத வேண்டும். அதுவே எட்டு நாள் கூலி இழப்பு. அதனை எழுதாத கணக்கு நெசவாளி வீட்டுக் கணக்காகாது. ஊருக்குத் திரும்பிய வாரத்தில் அரிசிக்கு முன்பணம் கேட்டு நிற்கும் நிலை வந்தால், கண்ட காட்சியெல்லாம் கசந்துவிடும்.

இதற்கு வழி சிறு சேமிப்பே. உதாரணமாக, வைகாசியில் தொடங்கி வாரம் 250 ரூபாய் வீதம் சங்கத்தில் கட்டி வந்தால், நாற்பது வாரத்தில், அதாவது மாசிக்குள், 10,000 ரூபாய் சேரும். பூத்தோட்டக்காரர் பறிப்புக் காலத்தில் கூடுதலாகக் கட்டலாம். நெசவாளர் தீபாவளிப் போனசில் ஒரு பகுதியைச் சேர்க்கலாம். தவணை தவறியவரை விலக்காமல், குழுவினர் வாரந்தோறும் நினைவூட்டுவதே கூட்டுறவுக்கு அழகு. மூத்த குடிமக்களுக்கு முன்னர் இருந்த ரயில் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய நினைவில் பாதிக் கட்டணமாக எண்ணி ஏமாறலாகாது.

யார் போவது என்பதில் மனத்தாங்கல் எழக் கூடும். பணம் கட்டி முடித்தவர்களில் இடத்துக்கு மேற்பட்டோர் இருந்தால் திருவுளச் சீட்டு எடுப்பதே நேர்மை. ஆனால் ஒரு நிபந்தனை வைக்கிறோம்: பாதி இடம் பெண்களுக்கு. 2019–20இல் எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கின்படி நாட்டில் இத்தொழிலில் சுமார் 35 லட்சம் பேர் ஈடுபட்டுள்ளனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தார் சுற்றுவதும் பாவுக்குத் துணை நிற்பதும் தறியில் அமர்வதும் அவர்கள் கைவேலை. சென்ற முறை சென்ற பதினொருவரில் ஒருவர்கூடப் பெண்ணில்லை. அதனை நாங்கள் அப்போது கவனிக்கவும் இல்லை. இம்முறை அவ்வாறு நிகழலாகாது.

5. முன்கூட்டிச் செய்ய வேண்டிய எழுத்து வேலை

ரயில் இடப்பதிவு 2024 நவம்பர் முதல் பிரயாண நாளுக்கு 60 நாள் முன்னதாகவே திறக்கப்படுகிறது. அதற்கு முன் 120 நாளாக இருந்தது. மாசிப் பிரயாணத்துக்கு மார்கழியில் பதிவு செய்தல் வேண்டும். திரும்பும் சீட்டுக்குரிய பதிவு ஆறு நாள் கழித்துத் திறக்கும். ஒருவர் அதற்கென்று நாளைக் குறித்து வைத்துக்கொண்டு செயற்பட வேண்டும். முதியோருக்கும் பெண்களுக்கும் கீழ்ப்படுக்கை கேட்டு எழுதுக.

நாடாளுமன்றப் பார்வையாளர் கூடத்துக்குச் செல்ல விரும்புவோர், தம் தொகுதி உறுப்பினர் மூலமாக அனுமதி பெற வேண்டும். நம் வட்டாரம் இரு தொகுதிகளில் அமைந்துள்ளது என்பதை மறக்கலாகாது. ஆவடியும் பூவிருந்தவல்லியும் திருவள்ளூர் மக்களவைத் தொகுதியைச் சேர்ந்தவை. அம்பத்தூர் ஸ்ரீபெரும்புதூர்த் தொகுதியைச் சேர்ந்தது. ஆகவே இரண்டு கடிதங்கள் வேண்டும். சங்கத்தின் பெயரால், செல்வோர் பெயர், வயது, முகவரி, அடையாள அட்டை எண் ஆகியவற்றோடு தை பிறந்தவுடன் எழுதுக. பட்ஜெட் கூட்டத் தொடரின் இடையே சில வாரம் சபை கூடாதிருக்கும். நாட்களை விசாரித்து எழுதுவது நலம். 2023 டிசம்பர் 13ஆம் நாள் பார்வையாளர் கூடத்திலிருந்து இருவர் சபைக்குள் குதித்த சம்பவத்துக்குப் பின் பாதுகாப்பு கடுமையாகியுள்ளது. கைப்பேசி, பை முதலியவற்றை உள்ளே எடுத்துச் செல்ல இயலாது. குடியரசுத் தலைவர் மாளிகையைக் காண அதன் இணையதளத்தில் முன்பதிவு செய்துகொள்ளலாம்.

தங்குமிடம் புது டில்லி நிலையத்துக்கோ மெட்ரோ ரயில் பாதைக்கோ அண்மையில் இருக்கட்டும். 1946இல் தோன்றிய டில்லித் தமிழ்ச் சங்கம் ராமகிருஷ்ணபுரத்தில் உள்ளது. அதற்கும் எழுதி யோசனை கேட்கலாம். தங்கும் இடத்தின் முகவரியை இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதிய சீட்டு ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் முடிச்சிலும் இருக்க வேண்டும்.

ஓர் ஒத்திகையும் சொல்வோம். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்னர், குழு முழுவதும் சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்துக்குச் சென்று வருக; அதற்கு வெள்ளி விடுமுறை. 1947 ஆகஸ்டு 15ஆம் நாள் புனித ஜார்ஜ் கோட்டையில் ஏற்றப்பட்ட பட்டாலான தேசியக் கொடி அங்கே பாதுகாக்கப்பட்டுள்ளது. யார் வேகமாக நடப்பவர், யார் வழியில் நின்றுவிடுபவர், யாருக்கு அடிக்கடி ஓய்வு வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒரு நாளிலேயே தெரிந்துவிடும்.

6. ஐந்து நாளில் காண வேண்டியவை

செவ்வாய்: வந்த களைப்புத் தீர்ந்தபின், பிற்பகலில் கடமைப் பாதைக்குச் செல்க. ராஜபாதை என்றிருந்த பெயர் 2022 செப்டம்பரில் இவ்வாறு மாற்றப்பட்டது. அதன் ஒரு கோடியில் குடியரசுத் தலைவர் மாளிகை. மறு கோடியில் 42 மீட்டர் உயரமுள்ள இந்தியா வாயில். முதல் உலகப் போர் முதலியவற்றில் மாண்ட இந்தியப் படைவீரர்களின் நினைவாக 1921இல் அடிக்கல் நாட்டி 1931இல் திறந்தது அது. அருகிலேயே 2019 பிப்ரவரி 25இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகம் உள்ளது. விடுதலைக்குப் பின் நாட்டுக்காக உயிர் நீத்த 25,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் அங்கே கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. நம் பக்கத்துப் பெயர்களையும் அச்சுவர்களில் தேடிப் பார்க்க வேண்டும்.

புதன்: காலையில் ராஜகாட்டம். காந்தியடிகளின் பூதவுடல் 1948 ஜனவரி 31ஆம் நாள் தகனம் செய்யப்பட்ட இடம். கருங்கல் மேடையும் மலர்களுமன்றி அங்கே ஆடம்பரம் எதுவுமில்லை. எதிரே உள்ள காந்தி அருங்காட்சியகத்தில் இராட்டைகளையும், அவர் இறுதியில் அணிந்திருந்த ஆடையையும் காணலாம். 1921 செப்டம்பரில் மதுரையில் அரையாடை பூண்டவர் அவர். நூற்பவர், நெய்பவர் வாழ்வைத் தம் உடம்பின்மேல் உடுத்தியவர் என்று அவரைச் சொன்னால் மிகையாகாது. நெசவாளர் அவ்வாடையின் முன் சற்று நேரம் நிற்பார்களாக. பிற்பகலில் செங்கோட்டை. ஷாஜகான் 1639இல் தொடங்கி 1648இல் கட்டி முடித்த கோட்டை அது. 1945 நவம்பரில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்து அதிகாரிகள் மீது வழக்கு விசாரணை தொடங்கியதும், 1947 ஆகஸ்டு 16ஆம் நாள் நேரு கொடியேற்றியதும் இங்கேயே. மலேயாத் தோட்டங்களிலிருந்து அந்த ராணுவத்தில் சேர்ந்த தமிழர் பலர் என்பதை இளைஞர்களுக்கு எடுத்துச் சொல்க. டில்லி கேட், லால் கிலா ஆகிய மெட்ரோ நிலையங்கள் ஒரே பாதையில் இருப்பதால் இரண்டிடத்தையும் ஒரே நாளில் காண்பது எளிது.

வியாழன்: நாடாளுமன்றம். 1927இல் திறந்த வட்ட வடிவக் கட்டடம் இப்போது 'சம்விதான் சதன்' எனப்படுகிறது. அதன் மைய மண்டபத்தில்தான் 1946 டிசம்பர் 9ஆம் நாள் அரசியல் நிர்ணய சபை முதன்முறை கூடிற்று; 1949 நவம்பர் 26இல் அரசியலமைப்பை ஏற்றது. வரைவுக் குழுவில் நம் சென்னையின் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் இருந்தார். அருகே முக்கோண வடிவில் நிற்கும் புதிய கட்டடம் 2023 மே 28இல் திறக்கப்பட்டது. மக்களவையில் 888 இருக்கைகளும் மாநிலங்களவையில் 384 இருக்கைகளும் உள்ளன. சபாநாயகர் ஆசனத்தருகே நிற்கும் செங்கோல் 1947இல் சென்னைப் பொற்கொல்லர் கைவேலையால் ஆனது. இரு சபைகளின் தரையிலும் விரித்துள்ள கம்பளங்கள், உத்தரப் பிரதேசத்தின் பதோஹி, மிர்சாபூர் பகுதிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 900 கைவினைஞர் முடிச்சிட்டு நெய்தவை. அங்கே பேசுவோர் அனைவரும் நெசவாளி கைவேலையின் மேல் நின்றே பேசுகின்றனர்.

அன்று பிற்பகல் பழைய கோட்டையை அடுத்துள்ள கைவினை அருங்காட்சியகம். கைவினைக்கும் கைத்தறிக்கும் வாழ்நாள் உழைப்பைத் தந்த கமலாதேவி சட்டோபாத்யாயாவின் முயற்சியால் 1950களில் உருப்பெற்றது. கட்டடத்தை வகுத்தவர் சார்லஸ் கொரியா. அங்குள்ள துணிக் கூடத்துக்கு இரண்டு மணி நேரமேனும் ஒதுக்குக. எந்தக் கூடம் பழுதுபார்ப்புக்காக மூடியிருக்கிறது என்பதை முன்கூட்டியே கேட்டறிதல் அவசியம்.

வெள்ளி: இன்று குழு இரண்டாகப் பிரியலாம். பிரிவதில் தவறில்லை என்பதைச் சென்ற முறையின் படிப்பினையால் அறிந்தோம். பயிர்த்தொழிலார் விடியலிலேயே ஆசாத்பூர் மொத்தச் சந்தைக்குச் சென்று, காய்கனிகள் எவ்வாறு தரம் பிரித்து ஏலம் விடப்படுகின்றன என்று பார்த்து, கோயம்பேட்டோடு ஒப்பிட்டுக் குறிப்பெடுக்க வேண்டும். பூத்தோட்டக்காருக்குக் காஜிப்பூர் மலர்ச்சந்தை உண்டு. பின்னர் பூசா ஆராய்ச்சி நிலையம். 1905இல் பீகாரில் பூசா என்னும் ஊரில் தோன்றி, 1934ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சிதைந்ததால், 1936இல் டில்லிக்குக் குடிபெயர்ந்த நிலையம் அது. ஊரின் பெயரை மட்டும் கைவிடவில்லை. நம் உழவர் பயிரிட்ட 'பூசா சவானி' வெண்டையின் பெயர்க் காரணம் இதுவே. எம். எஸ். சுவாமிநாதன் 1966 முதல் 1972 வரை அதன் இயக்குநராயிருந்தார். அதே காலத் தொடக்கத்தில் உணவு அமைச்சராயிருந்தவர் சி. சுப்பிரமணியம். கோதுமைப் புரட்சிக்கு வழி வகுத்த இருவரும் தமிழர்.

நெசவாளர் அன்று 'டில்லி ஹாட்' சந்தைக்குச் செல்க. 1994இல் தொடங்கிய அச்சந்தையில், பதிவு பெற்ற கைவினைஞருக்கும் நெசவாளருக்கும் முறை வைத்துக் குறிப்பிட்ட நாட்களுக்குக் கடை ஒதுக்குகின்றனர். இடைத்தரகரின்றி விற்பது எவ்வாறு, விண்ணப்பம் எங்கே தருவது, வாடகை என்ன, விற்காத சரக்கை என்ன செய்கின்றனர் என்று அங்கிருக்கும் நெசவாளரையே கேட்டு எழுதி வருக. பிற மாநிலத்து நெசவாளியிடம் ஒரு மணி நேரம் பேசுவது பத்துக் கட்டடங்களைக் காண்பதற்கு ஈடாகும்.

சனி: குதுப் மினாரின் உயரம் 72.5 மீட்டர். அதனைக் காட்டிலும் அவ்வளாகத்து இரும்புத் தூண் நம் கருத்தைக் கவர வேண்டும். சுமார் 1,600 ஆண்டுகளாக மழையிலும் வெயிலிலும் நிற்கும் அத்தூண் துருப்பிடித்து அழியவில்லை. இரும்பில் பாஸ்பரஸ் மிகுந்திருப்பதால் மேற்பரப்பில் காப்புப் படலம் ஒன்று உண்டாகியிருக்கிறது என்று கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் விளக்கினார். பெயர் அறியாக் கொல்லர்களின் வேலைத் திறத்துக்கு அது சாட்சி. பிற்பகலில் கடைவீதி, இரவில் ரயில்.

7. திரும்பி வந்தபின்

செல்பவர் ஒவ்வொருவரும் ஒரு கேள்வியை ஏந்திச் செல்ல வேண்டும். திரும்பி வந்தவுடன் போக முடியாத உறுப்பினர் முன்னிலையில் அதற்கு விடை சொல்ல வேண்டும். பத்துப் பேர் கண்டதை இருநூறு பேர் கேட்டறிந்தால், கூலி இழப்பும் சேமிப்பும் வீணாகவில்லை என்று கொள்ளலாம். வரவு செலவுக் கணக்கை ஒரு வாரத்துக்குள் அறிவிப்புப் பலகையில் ஒட்டுதலும் கடமை.

மூத்த நெசவாளரின் மாதிரித் துணி மஞ்சட் பையோடு சங்க அலுவலக அலமாரியில் இருக்கிறது. வியாழனன்று துணிக் கூடத்துக்குச் செல்வோர் அதனைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டுமென்று நிர்வாகக் குழு முடிவு செய்துள்ளது. ஒத்த கரை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், பார்த்ததை அவரிடம் நேரில் சென்று சொல்லும் பொறுப்பு எங்களுடையது.

படிப்பு வட்டத்துக்கு வினாக்கள்

1. பிரயாணச் செலவில் கூலி இழப்பை ஏன் சேர்க்க வேண்டும்? உங்கள் வீட்டுக்கு அது எவ்வளவு ஆகும்?

2. சனிக்கிழமை இரவு புறப்படுவதில் உள்ள குறை யாது?

3. கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப் பட்டியலில் நீங்கள் நெய்யும் துணி உள்ளதா? விசாரித்து எழுதுக.

4. டில்லி ஹாட்டில் கடை கிடைத்தால், நம் சங்கம் எந்தச் சரக்கை, யார் மூலம், எவ்வளவு அனுப்ப முடியும்?

5. உங்கள் வீட்டிலிருந்து ஒருவரே போக முடியுமாயின், யாரை அனுப்புவீர்கள்? காரணம் கூறுக.